வேரில் போன பல்

மாரிபோர் நகரத்தில் ஆறு வருடம்
இரண்டு பாலங்களுக்கு நடுவே ஓடினேன்.
பழைய பாலத்தில் தொடங்கி ரயில் பாலத்தில் திரும்பி
மறுபடி பழைய பாலம்.
கிலோமீட்டருக்கு ஒருமுறை கைக்கடிகாரம் சிணுங்கும்.
ஐந்து நிமிடம் நாற்பது.
ஐந்து நிமிடம் முப்பத்தெட்டு.
அந்த இரண்டு வினாடியை வைத்துக்கொண்டு
ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

பகலில் எனக்குப் பல் செய்கிற வேலை.
வைத்தியர் ஹெர்மினா முன்னறையில்.
நான் பின்னறையில், மாவுத்தூசியில்,
முகம் தெரியாத வாய்களுக்குக்
கடைவாய்ப்பல் செதுக்குகிறவள்.
ஊரில் பலர் சிரிப்பது என் கைவேலை.
தெருவில் எதிரே வந்தால்
பல்லைத்தான் அடையாளம் தெரியும்.

மே மாதத்தில் திராவா கரை ஏறி வந்தது.
பாதைக்குக் குறுக்கே நாடா கட்டிக்கொண்டிருந்த
நகராட்சிக்காரர் என் காலணியைப் பார்த்தார்.
"பொஹோர்யே பக்கம் போங்களேன்,
அங்கே தண்ணீர் ஏறாது."

பேருந்தின் கடைசி நிறுத்தம். அதற்குமேல் காடு.
முதல் கிலோமீட்டருக்குப் பதின்மூன்று நிமிடம்.
யாரும் பார்க்காத காட்டில்
கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் இழுத்து மறைத்தேன்.
மரத்துக்கு மரம் சிவப்பு வளையம்,
நடுவில் வெள்ளைப் பொட்டு.
யாரோ ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு
மலை முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டே போயிருக்கிறார்.
அவருக்கும் இங்கே மூச்சு வாங்கியிருக்கும்;
இந்த ஏற்றத்தில் பொட்டுகள் கொஞ்சம் கோணல்.

அடுத்த ஞாயிறும் போனேன்.
ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை,
அது ஒரு வசதி.
சாலையில் ஓடும்போது காலை மறந்துவிடலாம்.
இங்கே ஒவ்வோர் அடியும் கேள்வி:
கல்லா, சேறா, சருகு மூடிய பள்ளமா?
புதுப்பல் கட்டியவன் நாக்கால் தடவிக்கொண்டே இருப்பானே,
அப்படி என் பாதம் மலையைத் தடவியது.
ஜூலையில் புளூபெர்ரி தின்று ஊதா வாயோடு இறங்கினேன்.
ஆகஸ்டில் உச்சிச் சதுப்பில்
பலகைப் பாதை முடிகிற இடம்வரை போய்
கரிய குட்டை ஒன்றைப் பார்த்தபடி
ஓட வந்ததையே மறந்து நின்றேன்.

செப்டம்பர். மழை விட்ட காலை.
பாதை நடுவே பல்லி மாதிரி ஒன்று,
கறுப்பு உடம்பில் மஞ்சள் தீற்றல்.
சாலமாண்டர்.
அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாத நடை.
மிதிக்காமல் காலை மாற்றி வைத்தேன்,
அங்கே வேர்.
மரக்குச்சி பல்லுக்கு உறுதி என்பார்கள்.
பீச் மரத்து வேரைப் பற்றி
அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

எழுந்து உட்கார்ந்தபோது
முன்பல்லில் ஒரு மூலை இல்லை.
சருகில் துழாவினேன்.
ரத்தம் துப்பினேன், சிரிப்பு வந்தது,
சிரித்தால் குளிர்காற்று நேராக நரம்பில்.
சாலமாண்டர் இன்னும் கடந்துகொண்டிருந்தது.

என் பல்லுக்கு மூடி நானே செய்தேன்.
நிறம் பார்க்க அட்டை தேவைப்படவில்லை.
சின்னப் பெட்டியில் மூன்று மாதமாகத் தயாராக இருக்கிறது.
"நாளைக்கு ஒட்டிவிடலாமா?" என்று ஹெர்மினா கேட்கும்போதெல்லாம்
நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது.

ஆற்றுப்பாதை திறந்து நாளாகிவிட்டது.
ஒருநாள் போய்ப் பார்த்தேன்.
ஐந்து நிமிடம் முப்பத்திரண்டு,
என் வாழ்நாளில் இதுவே வேகம்.
கடிகாரம்தான் சந்தோஷப்பட்டது.

நேற்று ஹெர்மினாவிடம் சொன்னேன்,
ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டைத் தேடப் போகிறேன் என்று.
"எவ்வளவு பெரிசு இருக்கும்?"
"எள்ளளவு."
கையுறையைக் கழற்றினாள்,
சன்னல் வழியே மலையைப் பார்த்தாள்,
அதன் நீளத்துக்கும் பார்த்தாள்.
"அப்படியென்றால் ரொம்ப நாளாகும்," என்றாள்.

ஆகும்.